மஸ்கெலியாக்காரியின் வயிறு

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போன முதல் நாள் நான் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. எல்லாருடைய வயிற்றையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலைக் கூட்டத்துக்கு வரிசையாக நின்றார்கள். வெள்ளைக் கவுன், கழுத்துப்பட்டி, இடுப்பைப் பிடித்துத் தைத்த மடிப்பு. ஒருத்தி பின்னால் சாய்ந்து கொட்டாவி விட்டாள். ஒருத்தி குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கினாள். குனிந்தபோது அவளுடைய வயிறு மடங்கியது, நிமிர்ந்தபோது நேரானது. கையை வைத்துத் தடவிப் பார்க்காமல், கவுனில் ஈரம் பட்டிருக்கிறதா என்று தேடாமல், அவள் பாட்டுக்குப் பக்கத்தில் நின்றவளோடு பேச ஆரம்பித்தாள். எனக்கு அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது.

என்னுடைய கவுனை அம்மா இரண்டு பக்கமும் பிரித்து, அகலமாக்கித் தைத்திருந்தார். மெலிந்துபோய் வந்த பிள்ளை ஏன் இவ்வளவு தொளதொளவென்று போட்டிருக்கிறாள் என்று கேட்டவர்களுக்கு, "ஆப்பரேசன் பண்ணின வயிறு, இறுக்கமாப் போடக் கூடாதாம்" என்று சொல்லச் சொல்லியிருந்தார். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

எனக்குப் பெருங்குடலில் புண். நாட்கணக்கில் இரத்தமாகப் போய், கடைசியில் கண்டியில் பெருங்குடலையே எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலது பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்திருந்தார்கள். மலம் அந்த வழியாக வந்து, தோலில் ஒட்டியிருக்கும் பையில் விழும். பை நிறைந்தால் திறந்து கொட்டிவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று இப்போது எழுத முடிகிறது.

பள்ளிக்கூடத்தில் விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அதிபர். இன்னொருவர் எங்கள் வகுப்பு டீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹட்டனில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஆசிரியர்களின் கழிவறைச் சாவியைக் கையில் வைத்தார்.

"இதை வைச்சிரும் பிள்ளை. வகுப்பு நடக்கேக்க எழும்பிப் போறதெண்டா என்னட்டக் கேக்கத் தேவையில்லை. ஆரும் ஏதும் கேட்டா, டீச்சர் தந்தவ எண்டு சொல்லும்."

சாவியை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன். அவருடைய சேலைக் கொசுவம் அடிவயிற்றில் எவ்வளவு தட்டையாகச் செருகியிருக்கிறது என்பதையும் கவனித்தேன். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் மேலும் எனக்குப் பொறாமை.

பொறாமையை வயிற்றெரிச்சல் என்று சொல்கிறோம். அந்த ஆண்டு எனக்கு அந்தச் சொல் அப்படியே பொருந்தியது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக் குழந்தை, பீலித் தண்ணீர் கொட்டும் கரையில் அம்மணமாக நின்று குளிக்கும்போது அதன் வயிற்றைப் பார்த்து எரிந்தேன். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட அன்னாசித் துண்டை வாங்கி, சக்கையை மெல்லாமல் விழுங்குகிற பையன்களைப் பார்த்து எரிந்தேன். நான் அதைச் சாப்பிட்டால் குடல்வாயில் அடைத்துக்கொள்ளும். வயிற்று வலி என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்தால் இன்னும் மோசம். வயிற்று வலியாம்!

இதையெல்லாம் சொல்ல எனக்கு ஒருத்திதான் இருந்தாள். அவளைக் கண்டி ஆஸ்பத்திரி வாட்டில் சந்தித்தேன்.

அடுத்த கட்டிலில் இருந்தாள். என் வயது. அதே நோய், அதே டொக்டர், அதே ஆப்பரேசன். வாட்டில் எல்லாரும் அவளை மஸ்கெலியாக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பாவுக்கு மஸ்கெலியா டவுனில் பலசரக்குக் கடை. பையைக் கழற்றித் தோலைக் கழுவி, புதுப் பையை வெட்டி ஒட்ட நர்ஸ் மிஸ் எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார். முதல் தடவை நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் தன்னுடையதைக் குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு, "ஏய், செவப்பா வட்டமா இருக்குடி. வயித்துக்குப் பொட்டு வச்ச மாதிரி" என்றாள்.

அன்றைக்கிருந்து அது பொட்டு. ஆட்கள் நடுவிலும் தயங்காமல் பேசிக்கொள்ள அந்தச் சொல் வசதியாக இருந்தது. "பொட்டு எப்படி?" "காலையில இருந்து ஒரே அழுகை." பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் விளங்காது.

நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து மூன்று மாதத் தவணை ஒன்று கழித்து அவளும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்து சேர்ந்தாள். மஸ்கெலியாவில் அவள் படித்த இடத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டதாம். மூக்கைப் பொத்திக் காட்டினார்களாம். யாருக்கும் தெரியாத இடமாக வேண்டும் என்று அழுது, தினமும் இவ்வளவு தூரம் பஸ்ஸில் வர ஒத்துக்கொண்டாள். டீச்சர் எங்களை ஒரே மேசையில் உட்கார வைத்தார். கதவுக்குப் பக்கத்து மேசை.

அந்த ஒரு தவணைதான் நான் பள்ளிக்கூடத்துக்குச் சந்தோஷமாகப் போனது. பொட்டுக்கு ஒரு குணம் உண்டு. காற்றை அடக்க அதற்குத் தெரியாது. வகுப்பே அமைதியாக எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று சத்தம் போடும். முன்பு நான் தனியாக இருந்தபோது இருமிச் சமாளிப்பேன், முகம் சிவந்துவிடும். இப்போது எனக்குச் சத்தம் வந்தால் அவள் கதிரையை நரநரவென்று இழுப்பாள். அவளுக்கு வந்தால் நான் அடிமட்டக் கோலைக் கீழே போடுவேன். "அந்த மேசையில இருக்கிறவையள் என்ன தச்சு வேலையோ செய்யிறியள்?" என்று டீச்சர் கேட்பார். அவருக்கு எல்லாம் தெரியும். எங்களுக்குச் சிரிப்பை அடக்கத்தான் முடியாது.

அப்போதும் அவள் மேல் எனக்குப் பொறாமை இல்லாமல் இல்லை. அவள் வீட்டில் கடைக்குப் பின்னால் ஓடு பதித்த குளியலறை. குழாயைத் திறந்தால் தண்ணீர். நான் லயத்துக்குப் பின்னால் இருக்கிற கழிவறைக்கு வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு போய், அம்மா வாசலில் காவல் நிற்க, குந்தியிருந்து பையைக் கொட்ட வேண்டும். வெளியே யாராவது, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கதவைத் தட்டுவார்கள். ஆனால் அது சின்னப் பொறாமை. அவளுக்கும் பொட்டு, எனக்கும் பொட்டு என்று இருந்தவரை என்னால் அதைத் தாங்க முடிந்தது.

ஒரு கிளினிக் நாளில் அது முடிந்தது.

நாங்கள் இரண்டு பேரும், எங்கள் அம்மாமார் இரண்டு பேருமாகக் கண்டிக்குப் போயிருந்தோம். அவளை முதலில் கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்குப் பயமாகிவிட்டது. பிறகுதான் தெரிந்தது, சந்தோஷம். அவளுடைய சிறுகுடலை மடித்து உள்ளுக்குள்ளேயே ஒரு பை மாதிரித் தைத்து, கீழே இணைத்துவிடப் போகிறார்கள். எல்லாம் ஆறியதும் பொட்டை மூடிவிடுவார்கள். மற்றவர்களைப் போல அவளும் கழிவறையில் உட்காரலாம்.

அடுத்து நான். டொக்டர் என் கோப்பைப் புரட்டிக்கொண்டே சிங்களத்தில் சொன்னார். எனக்கு விளங்கியது. என் குடலை வெட்டிச் சோதித்ததில், நோய் சிறுகுடலையும் தொட்டிருக்கிறது. இணைத்தாலும் நிற்காது, திரும்பப் புண்ணாகும். எனக்கு இதுதான் பாதுகாப்பு, நிரந்தரம். அம்மாவுக்கு விளங்கவில்லை என்று கண்டு, நர்ஸ் மிஸ் எல்லாவற்றையும் மெதுவாகத் தமிழில் திரும்பச் சொன்னார். எனவே நான் அதை இரண்டு மொழியில் கேட்டேன்.

"அப்ப அந்தப் புள்ளைக்கு மட்டும் எப்படிங்க மிஸ்?" என்று அம்மா கேட்டார். நானும் அதைத்தான் கேட்க நினைத்திருந்தேன்.

"அந்த நங்கிக்கு, அந்தத் தங்கச்சிக்கு, வேற மாதிரி அம்மா."

திரும்பி வரும் ரயிலில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வடைக்காரர் வந்தார். அவள் எல்லாருக்கும் வடை வாங்கினாள். என் கையில் ஒன்றைத் திணித்துவிட்டு, "டொக்டர்மாரு இப்ப இல்லன்னுவாங்க, அப்புறம் புதுசா எதாவது கண்டுபிடிப்பாங்கடி" என்றாள்.

"ம்."

"என் மேல கோவமா?"

"உன் மேல எதுக்கு?"

அவள் முகத்தைத் திருப்பி வெளியே பார்த்தாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்கக் கூடாது என்றுதான் திரும்பியிருந்தாள். வட்டவளை தாண்டும் வரை அந்தச் சிரிப்பு போகவில்லை. நான் வடையைச் சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தேன். எண்ணெய் கவுனில் இறங்கியது.

அவள் ஆப்பரேசனுக்குப் போன பிறகு எங்கள் மேசையில் நான் மட்டும்தான். ஒருநாள் கணக்கு எழுதும்போது பொட்டு வாய் திறந்தது. நீளமான சத்தம். பின்வரிசையில் யாரோ ஒருவன் "ஹூ" என்றான். ஒரு கதிரையும் அசையவில்லை. நான் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய், மணி அடிக்கும் வரை கழிவறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் சத்தம் போட்டவனை விட, வாட்டில் படுத்திருக்கிற அவளை நினைத்துத்தான் அதிகம் கொதித்தேன்.

எல்லாம் முடிந்து பொட்டையும் மூடி அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் அம்மா என்னை மஸ்கெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு விருப்பமில்லை. "ஒண்ணா கெடந்தீங்க, போய்ப் பாக்காம இருக்கலாமா?" என்று ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டார்.

அவளுடைய அறையில் நாங்கள் தனியாக இருந்தபோது, "பாக்குறியா?" என்று கேட்டாள்.

"காட்டு."

சட்டையைத் தூக்கினாள். பொட்டு இருந்த இடத்தில் துணிப்பையின் வாயைக் கயிற்றால் சுருக்கினது போலத் தோல் சுருங்கி, நடுவில் ஒரு குழி. அசிங்கமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போயிருந்தேன். அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் காய்ந்திருந்தது. பை இல்லை, பசை இல்லை, ஓரத்தில் சிவந்த எரிச்சல் இல்லை. வெறும் காய்ந்த தோல். விரலால் தொட்டுப் பார்த்தேன். அவள் கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள்.

"நல்லா இருக்குடி" என்றேன். விரலை மட்டும் எடுக்கவில்லை. அதை அவள் அன்பு என்று எடுத்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தாள்.

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் உயர்தரப் பரீட்சைக்கு முந்தின முன்னோடிப் பரீட்சைக்குத்தான் அவள் திரும்பப் பள்ளிக்கூடம் வந்தாள். வெள்ளைக் கவுன் இடுப்பில் ஒட்டித் தைத்திருந்தது. மற்றப் பிள்ளைகள், "அழகாயிட்ட" என்றார்கள். நான் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன். முதல் பாடம் முடிவதற்குள் அவள் என் பக்கம் சாய்ந்து, "சாவி எங்க?" என்றாள்.

கொடுத்தேன். திரும்பி வந்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கை நீட்டினாள். அன்று முழுவதும் சாவி அவளிடம்தான் இருந்தது. உள்ளே தைத்த புதுப் பை இன்னும் பழகவில்லை, பழக ஒரு வருஷமாவது ஆகும், வந்தால் பிடித்து வைக்க முடிவதில்லை என்று சொன்னாள். பஸ்ஸில் வருவதற்காகக் காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லையாம். டீச்சர் கவனித்துவிட்டு இன்னொரு சாவி வெட்டிக்கொண்டு வந்து, "ஆளுக்கொண்டு. சண்டை பிடியாதேங்கோ" என்று மேசையில் வைத்தார்.

பொருளியல் தாளுக்கு மூன்று மணிநேரம். நான் பரீட்சைக்கு முன்பே பையைக் காலி செய்துவிட்டு வந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். அவள் எழுந்து போனாள், வந்தாள், எழுதினாள், மறுபடியும் போனாள். வரும்போதெல்லாம் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஒரு தடவை போனவள் திரும்பவே இல்லை. தாளைக் கொடுத்துவிட்டு நான் தேடிப் போனேன். கழிவறைக்குப் பக்கத்தில் கை கழுவுகிற இடத்தில், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"எழுதி முடிச்சிட்டியா?" என்றாள்.

"முடிச்சேன். நீ ஏன் வரல?"

"பாதித் தாள் அப்படியே கெடக்கு. போய் உக்காந்தா உடனே எந்திரிக்கணும். நீ பேனாவக் கீழ வைக்காம எழுதிக்கிட்டே இருக்க. உனக்கு வந்தாலும் அதுபாட்டுக்குப் பைக்குள்ள விழுது. உன்னப் பாக்கப் பாக்க எனக்கு எரியுதுடி."

என்ன காதில் விழுகிறது என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. என்னைப் பார்த்து ஒருத்திக்கு எரிகிறது! அந்த வருஷம் முழுவதும் அப்படி ஒரு வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடியது. உடனே அதைத் தொடர்ந்து கோபமும் வந்தது.

"அப்ப மாத்திக்கிறியா?" என்று கேட்டேன். "உன்னோடத எனக்குக் குடு. என்னோடத நீ வச்சிக்க."

"இல்ல" என்றாள்.

யோசிக்கவே இல்லை. நான் கேட்டு முடிப்பதற்குள் வந்த பதில் அது. சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது போல என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சிமெந்து ஈரமாக இருந்தது. பிறகு அவள் சாவியால் தரையைக் கீறிக்கொண்டே, "கேட்டிருக்கக் கூடாதுடி நீ" என்றாள்.

"ஆமா" என்றேன்.

அன்று அவள் பொய் சொல்லியிருந்தால் நான் அவளோடு அதன் பிறகு பேசியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். மாற்றிக்கொள்வேன் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லியிருந்தால் எனக்கு அது தெரிந்திருக்கும். அவள் பட்ட பாட்டை நேரில் பார்த்த பிறகும் அவளுடையதுதான் எனக்கு வேண்டும். அவளுக்கும் அவளுடையதுதான் வேண்டும். அதில் எங்களுக்குள் ஒளிக்க ஒன்றுமில்லை.

உயர்தரப் பரீட்சைக்கு டீச்சர் அலைந்து திரிந்து அவளுக்குக் கதவோரத்தில் இடமும், போய் வரும் நேரத்தை ஈடுகட்ட மேலதிக நேரமும் வாங்கிக் கொடுத்தார். எனக்கும் கேட்டுப் பார்க்கட்டா என்றார். வேண்டாம் என்றேன். நான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானேன். அவளுக்குக் கொஞ்சத்தில் தவறிவிட்டது. ரிசல்ட் வந்த அன்று அவள் போனில், "நீ போயிருவ இல்ல?" என்று கேட்டாள். குரலில் இருந்தது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். இன்னொரு தடவை கேட்க ஆசையாக இருந்தது. "பஸ் சத்தத்துல கேக்கல, திரும்பச் சொல்லு" என்றேன். சொன்னாள்.

விடுதியில் என் அறையில் இருக்கிற மூன்று பேருக்கும் நானே சொல்லிவிட்டேன். ஒருத்தி முதல் வாரம் மட்டும் கட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். பிறகு குளிர் காலத்தில் அவளே கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

போன விடுமுறையில் மஸ்கெலியாக்காரி கூப்பிட்டாள். கல்யாணம் பேசி முடித்துவிட்டார்களாம். ஹட்டனில் சேலை எடுக்க நான் வர வேண்டுமாம். அவளுக்கு வயிறு இப்போது ஓரளவுக்குப் பழகிவிட்டது. எந்தக் கடைக்குப் பின்னால் கழிவறை இருக்கிறது என்று டவுன் முழுக்க அவளுக்கு மனப்பாடம்.

"அவருகிட்ட சொல்லிட்டியா?" என்று கடைக்குள் நுழையும்போது கேட்டேன்.

"சொன்னேன். ஆப்பரேசன் ஒண்ணு பண்ணினது, தழும்பு இருக்கு, அடிக்கடி டொய்லட் போகணும்னு. சரின்னுட்டாரு."

மூன்றே வாக்கியம். எனக்கு அப்படி ஒரு நாள் வந்தால் எவ்வளவு நேரம் பேச வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பழைய இடத்திலேயே மறுபடியும் எரிந்தது.

கடைக்காரப் பெண் சேலைகளை விரித்துப் போட்டாள். மஸ்கெலியாக்காரி பாதியிலேயே, "இரு, வந்துர்றேன்" என்று பின்பக்கம் ஓடினாள். நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் ஒதுக்கி வைத்திருந்தவற்றில் மாம்பழ நிறத்தில், கருநீலக் கரை போட்ட ஒன்று இருந்தது. கடைக்காரப் பெண் என்னைக் கேட்காமலே அதை என் தோளில் போட்டு, இடுப்பைச் சுற்றிக் கொசுவம் பிடித்தாள். அவளுடைய கை பையில் பட்டது. ஒரு நொடி நின்றது. பிறகு அவள் கொசுவத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றிச் செருகினாள்.

மஸ்கெலியாக்காரி திரும்பி வந்து என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அது நான் எடுத்து வச்சது" என்றாள்.

"தெரியும்."

"எனக்குக் கூறைச் சேலைக்கு அப்புறம் மாத்திக் கட்டுறதுக்குன்னு பாத்து வச்சேன்டி."

"உனக்கு எடுப்பா இருக்காது. கரை ரொம்பப் பெருசு" என்றேன். கண்ணாடியில் திரும்பிப் பார்த்தேன். வயிறு தெரியவில்லை. தெரிந்தாலும் அந்தச் சேலைக்கு ஒன்றும் குறைந்திருக்காது. "நான் கட்டிக்கிட்டு வர்றேன் உன் கல்யாணத்துக்கு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். பிறகு கடைக்காரப் பெண்ணிடம், "இத இவளுக்கு மடிச்சுக் குடுங்க. எனக்கு இதவிட நல்லதா ஒண்ணு காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, கதிரையைச் சத்தமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.